உதிர்ந்துபோன வினாக்குறி

1962ஆம் ஆண்டிலே, அமெரிக்காவில் வெளிவரும் மானிடப் பிறப்புரிமையியற் சஞ்சிகையொன்றிலே பத்துப் பக்கங்களில் அடங்கிய ஒரு கட்டுரை பிரசுரமாயிற்று. எழுதியவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் நீல் என்னும் வைத்திய விஞ்ஞானி. நீரிழிவு நோய், ஒரு காலத்தில் மனிதனுக்கு உதவியாயிருந்து, பின்னர் 'முன்னேற்றம்' வந்தமையாற் கேடாக மாறிவிட்ட ஒரு 'சிக்கன' இயல்போ என்பதே அக்கட்டுரைத் தலைப்பின் பொருள். அத்தலைப்பிலே கவனிக்கத்தக்கவை இரண்டு. முன்னேற்றம் என்னும் சொல்லை அவர் மேற்கோட் குறிகளுக்குள்ளே வைத்திருந்தார். தலைப்பின் ஈற்றிலே ஒரு வினாக்குறியையும் இட்டிருந்தார்.

வினாக்குறியை மறந்துவிடும் மாணவருக்குப் புள்ளி குறைப்பது என் தொழில். ஆகவே இத்தலைப்புக்குப் பின்னாளில் நேர்ந்த கதி என் கண்ணிற் பட்டதிலே வியப்பில்லை. உலகம் முதலிலே மேற்கோட் குறிகளை மறந்தது. பின்னர் வினாக்குறியையும் மறந்தது. எஞ்சியது ஒரு தீர்ப்பு: இன்னின்ன இனத்தாருக்கு இந்நோய் குருதியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது என்பது.

நம் ஊர்களிலும் இத்தீர்ப்பை நாம் நாள்தோறும் கேட்கின்றோம். 'எங்கட பரம்பரையிலேயே சலரோகம்' என்று சொல்லிப் பெருமூச்செறியாத குடும்பம் அரிது. அக்கூற்று முற்றிலும் பொய்யன்று. பெற்றோர்க்கு நீரிழிவு இருப்பின் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு மிகுதி என்பது வைத்தியர் யாவரும் ஒப்பும் உண்மை. ஆனால் பரம்பரை என்ற ஒரு சொல்லைச் சொன்னவுடனே வேறு கேள்விகள் எல்லாம் வாயடைத்துப் போய்விடுகின்றனவே, அதுதான் ஆராய்தற்குரியது. நீலின் வாழ்க்கையையும், அவர் கருத்தைச் சுமக்க நேர்ந்த ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றையும் சேர்த்துப் படிப்போர்க்கு இக்கேள்விகள் மீண்டும் வாய் திறக்கும்.

நீல் 1915ஆம் ஆண்டிலே ஒஹாயோ மாநிலத்திற் பிறந்தவர். பழ ஈக்களின் பிறப்புரிமையை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர், ஈயிலிருந்து மனிதனுக்கு வரவேண்டுமாயின் வைத்தியமும் கற்கவேண்டும் எனத் துணிந்து, மறுபடியும் மாணவனாகி 1944இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அக்காலத்திலே மனிதப் பிறப்புரிமையியல் நற்பெயர் பெற்ற துறையன்று. இனத் தூய்மை பேசியோர் ஜெர்மனியிலே அதன் பெயரால் இழைத்த கொடுமைகள் கண்முன்னே இருந்தன. அமெரிக்காவிலும் 'தகுதியற்றோர்' எனப் பெயரிட்டுப் பல்லாயிரவரை மலடாக்கிய சட்டங்கள் நடைமுறையில் இருந்தன. அத்துறையைக் கறை நீக்கி, கணக்கும் பரிசோதனையும் உள்ள வைத்தியக் கலையாக்க வேண்டும் என்பது இளைஞர் நீலின் அவா. 1956இலே மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியக் கல்லூரியில் மனிதப் பிறப்புரிமையியலுக்கெனத் தனித் துறையொன்றை நிறுவினார். அந்நாட்டு வைத்தியக் கல்லூரிகளில் அதுவே முதலாவது.

அதற்கு முன்னரே அவர் பெயர் இரண்டு காரியங்களால் அறியப்பட்டிருந்தது. ஒன்று, குருதிக் கலங்கள் அரிவாள் வடிவாக வளைந்து சோகையை உண்டாக்கும் நோய் பற்றியது. அந்நோயுற்ற பிள்ளையின் தாய், தந்தை ஆகிய இருவரும், தாம் நோயுறாத போதிலும், அதற்குரிய பரம்பரையலகில் ஒன்றைத் தாங்கியிருப்பர் என்பதை 1949இலே அவர் நிறுவினார். ஐந்து ஆண்டுகள் கழித்து அன்ரனி அலிசன் என்பார், அவ்வலகில் ஒன்றை மட்டும் உடையோரை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை என்று காட்டினார். இரண்டு சேர்ந்தாற் கொல்வது, ஒன்றாயிருந்தாற் காப்பது! ஒரு பரம்பரையலகு நல்லதா கெட்டதா என்பதை அவ்வலகைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனை உடையோன் எந்நாட்டிலே, எந்நிலையிலே வாழ்கின்றான் என்று கேட்டே சொல்லவேண்டும் என்னும் பாடம் அங்கே கிடைத்தது. நீலின் பிற்காலச் சிந்தனை முழுவதும் இப்பாடத்தின் விரிவுரை எனலாம்.

மற்றையது ஹிரோஷிமா. 1946ஆம் ஆண்டின் இறுதியிலே அணுகுண்டின் விளைவுகளை ஆராய அமெரிக்க அரசு அனுப்பியோருள் நீலும் ஒருவர். கதிர்வீச்சுக்கு உள்ளானோர்க்குப் பிறக்கும் குழந்தைகளை ஆராய்வது அவர் பொறுப்பு. கருவுற்ற பெண்களை எவ்வாறு கண்டுபிடிப்பது? போரில் நொந்துபோன ஜப்பானிலே உணவுப் பங்கீடு நடந்துகொண்டிருந்தது. கருவுற்று ஐந்து மாதமான பெண்கள் பதிவு செய்துகொண்டால் மேலதிகப் பங்கு பெறலாம். அந்தப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டே 70,000க்கு மேற்பட்ட கருத்தரிப்புக்களை அவரும் அவர் தோழர் வில்லியம் ஷுல்லும் கண்காணித்தனர். பசிக்காக வந்து பெயர் கொடுத்த பெண்களே அவ்வாராய்ச்சிக்கு மூலப் பொருளானார்கள். பிறந்த குழந்தைகளிலே பரம்பரைக் கேடு கணக்கிலே புலப்படும் அளவுக்குக் காணப்படவில்லை என்று 1956இல் வெளியான அறிக்கை கூறிற்று. அந்த ஆராய்ச்சி நிலையம் குண்டுக்கு இலக்கானோரைச் சோதித்ததேயன்றிச் சிகிச்சை அளிக்கவில்லை என்னும் மனக்குறை ஜப்பானிய மக்களிடையே நெடுங்காலம் நிலவியது. அதனை நியாயமற்றதென்று நாம் தள்ளிவிட முடியாது.

இப்பின்னணியோடு நீரிழிவுக்கு வருவோம். நீலைத் தொந்தரவு செய்த கேள்வி எளியது. நீரிழிவு குடும்பங்களிலே தொடர்ந்து வருகின்றது. ஆகவே பிறப்புரிமைக்கு அதிலே பங்குண்டு. 1921இலே இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரையில், இளமையிலே இந்நோய் வந்தோர் பிள்ளை பெறுமுன்னரே மாண்டனர்; கருவுற்ற நீரிழிவுத் தாயரும் சிசுக்களும் இறந்தனர். இவ்வாறு தன்னை உடையோரைக் கொல்லும் பரம்பரையலகு காலப்போக்கிலே மறைந்தன்றோ போயிருக்கவேண்டும்? மறையாமல் இத்துணை மக்களிடத்தே பரவியிருப்பது எவ்வாறு?

அவர் கண்ட விடை இது. மனிதகுலத்தின் வாழ்நாளிற் பெரும்பகுதி வேட்டையிலும் கிழங்ககழ்வதிலும் கழிந்தது. ஒருநாள் கொழுத்த வேட்டை, பல நாட் பட்டினி. உணவு கிடைத்த நாளிலே சதையியிலிருந்து இன்சுலின் விரைந்து சுரந்து, உண்டதை வீணாக்காமற் கொழுப்பாகச் சேமித்துவைக்கும் உடலை உடையவனே பஞ்சத்திலே பிழைத்தான். வருவாய் உள்ளபோது நெல்லைக் குதிரிலே கொட்டி வைக்கும் சிக்கனக்காரனைப் போன்றது அவ்வுடல். ஆனால் முப்பொழுதும் உணவு மலிந்து, உழைப்பும் குறைந்துவிட்ட காலத்திலே அச்சிக்கனமே பகையாயிற்று. ஓயாமற் சுரக்கும் இன்சுலினை எதிர்க்கும் பொருள்கள் குருதியிலே மிகுந்து, ஈற்றிலே சதையியே களைத்துவிடுகின்றது என்பது அவர் ஊகம்.

அக்கட்டுரையை இறுதிவரை படித்தோர் சிலரே போலும். நீரிழிவுற்றோரை இன்சுலின் கொடுத்துப் பிழைக்கவைப்பதால் 'கெட்ட' அலகுகள் சமுதாயத்திற் பெருகிவிடும் என்று அஞ்சியோர் அக்காலத்தில் இருந்தனர். அவர்களுக்கு நீல் சொன்ன மறுமொழி சுவையானது. இன்றைய மிகுதி நிலையானதென்று யார் சொன்னது? மக்கட்டொகை பெருகி வாழ்க்கைத் தரம் தாழ்ந்து, உணவு மீண்டும் பருவத்துக்குப் பருவம் ஏறியிறங்கும் காலம் வருமாயின், இந்த 'நோய்' அலகுகளைக் காத்து வைத்திருப்பது மனிதகுலத்துக்கு நன்மையாகவும் கூடும் என்றார். மனிதரைத் தகுதியுடையோர், தகுதியற்றோர் எனப் பிரிப்பதற்கு எதிராகவே அக்கருதுகோள் பிறந்தது. பின்பு அது எவர் கையிலே எவ்வாறு பயன்பட்டது என்பதை நோக்கும்போது இதனை நினைவில் வைத்தல் வேண்டும்.

நீல் இக்கருதுகோளை வகுத்த அதே 1962இலே, பிரேசில் நாட்டின் ஷவாந்தே என்னும் ஆதிக்குடிகளிடம் சென்றார். 1966 முதல் வெனிசுவேலாவின் யனோமாமி மக்களிடையே ஆய்வு நடத்தினார். பழைய மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதை அங்கே காணலாம் என்பது அவர் நம்பிக்கை. ஆனால் 'சிக்கன அலகு' என்ற பெயர் உலகப் பிரசித்தி பெற்றது அமேசன் காட்டிலன்று. அமெரிக்காவின் அரிசோனாப் பாலை நிலத்திலே, கீலா ஆற்றங்கரையிலே. அங்கு வாழும் மக்களைப் பீமா என்று உலகம் அழைக்கின்றது. 'தெரியாது' என்று அவர்கள் தம் மொழியிற் சொன்ன மறுமொழியையே ஸ்பானியர் இனப்பெயராக எண்ணிக்கொண்டனர் என்பர். அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் அக்கிமெல் ஓஓதம்; ஆற்று மக்கள் என்று பொருள்.

1963இலே அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தைச் சேர்ந்தோர் மூட்டுவாதத்தை ஆராய்வதற்காக அவ்வூர்களுக்குச் சென்றனர். மூட்டுவாதம் ஆராயப் போனவர்கள் கண்டு திகைத்தது நீரிழிவை. 1965 முதல் பீற்றர் பெனற் என்னும் வைத்தியரின் தலைமையிலே அங்கே தொடர் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. சிறுவர் முதல் முதியோர் வரை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குளுக்கோசு நீரைப் பருகிக் குருதி கொடுத்தனர். 2007 வரையில் அது நீடித்தது. 35 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நீரிழிவுடையோர் என்று 1971இலே பெனற்றும் அவர் தோழரும் எழுதினர். அதற்குமுன் வேறெந்த மக்களிடையேயும் காணப்படாத விகிதம் அது.

ஒன்று சொல்லவேண்டும். குளுக்கோசு பருகி இரண்டு மணித்தியாலம் சென்றபின் ஒரு டெசிலீற்றர் குருதியில் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ வெல்லம் இருந்தால் அது நீரிழிவு என்னும் எல்லைக்கோடு 1979, 1980ஆம் ஆண்டுகளிலே வகுக்கப்பட்டது. அக்கோட்டினை வரைவதற்குப் பெரிதும் உதவியது இம்மக்களிடம் பெற்ற கணக்கு. நமது வைத்தியசாலைகளிலே நம்மவர் குருதியை அளக்கும் கோலிலும் அவர்கள் குருதி உண்டு.

இத்தகைய விகிதத்துக்கு விளக்கம் வேண்டாவோ? நீலின் கருதுகோள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பாலை நிலத்து மக்கள், பஞ்சம் பழகியவர்கள், ஆகவே சிக்கன அலகு நிறைந்தவர்கள். அமெரிக்க உணவு கிடைத்தவுடன் நோயாளிகளானார்கள் என்று கதை எளிதிலே கோவையாயிற்று. பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் இக்கதை ஏறிற்று. நீல் தம் கருதுகோளை இம்மக்களின்மீது கட்டியவரல்லர். பிறர் கொண்டுபோய்ப் பொருத்தியதே மிகுதி. பொருத்தியோர் கேட்க மறந்த கேள்வி ஒன்று: ஆற்று மக்கள் என்று பெயர் கொண்டோர்க்குப் பஞ்சம் எப்போது வந்தது?

வரலாற்றைப் புரட்டினால் விடை கிடைக்கும். அவர்கள் வேட்டையாடித் திரிந்தோரல்லர். கீலா ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிச் சோளமும் பூசணியும் பருத்தியும் விளைத்த உழவர்கள். வறட்சிக்குத் தாக்குப்பிடிக்கும் தெப்பாரி என்னும் அவரையினத்தைப் பயிரிட்டவர்கள். ஸ்பானியரிடமிருந்து கோதுமையைப் பெற்று அதிலும் கைதேர்ந்தவர்கள். 1849இலே கலிபோர்ணியாவுக்குப் பொன் தேடி ஓடிய ஆயிரக்கணக்கான வெள்ளையர் அப்பாலையைக் கடந்தபோது அவர்களுக்குச் சோறிட்டவர்கள் இந்த உழவர்களே. உள்நாட்டுப் போரின்போது வட மாநிலப் படை அவர்களிடம் கோதுமை வாங்கியது. தமக்கு மிஞ்சி விற்கும் அளவுக்கு விளைத்த சமுதாயம் அது.

1859இலே அவர்களுக்கென ஒதுக்கு நிலம் வரையறுக்கப்பட்டது. நிலத்தைக் கோடு கிழித்துக் காட்டிய அரசு நீரைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆற்றின் மேற்பகுதியிலே குடியேறிய வெள்ளையர் வாய்க்கால்கள் வெட்டி நீரைத் திருப்பினர். 1880களின் இறுதியிலே பெருங்கால்வாய் ஒன்று புளோறன்ஸ் நகர்ப்பக்கம் எழுந்தபின், கீழே பீமா வயல்களுக்கு வந்தது பெரும்பாலும் மணல்தான். பயிர் கருகிற்று. அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளை அம்மக்கள் பட்டினிக் காலம் என்றே நினைவுகூர்கின்றனர். நெற்றுக்களை இடித்து மாவாக்கி உண்ட மெஸ்கீற் மரங்களைத் தாமே வெட்டி விறகாக விற்று உயிர் பிழைத்தனர். உணவு தரும் மரத்தை வெட்டி உணவு வாங்கவேண்டிய நிலை! அரசு இரங்கிக் கொடுத்த பங்கீடு வெள்ளை மாவும் பன்றிக் கொழுப்பும் சீனியும்.

1924இலே சட்டம் இயற்றி, கீலா ஆற்றின் குறுக்கே கூலிட்ஜ் அணை கட்டப்பட்டது. பீமா உழவர்க்கு நீர் மீளும் என்பதே அணைக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் முதன்மையானது. 1930இலே முன்னாள் ஜனாதிபதி கூலிட்ஜ் நேரில் வந்து திறந்துவைத்தார். நீர்த்தேக்கத்திலே நீருக்குப் பதிலாகப் புல் நின்றதாம். விழாவுக்கு வந்திருந்த நகைச்சுவையாளர் வில் றொஜேர்ஸ், இந்த ஏரி தம்முடையதாயின் புல்லை வெட்டியிருப்பேன் என்று கேலி செய்தார். கூட்டம் சிரித்தது. கீழேயிருந்த உழவர் சிரித்திருக்க நியாயமில்லை. பிற்பட்ட ஆண்டுகளிலும் அவர்களை அடைந்த நீர் சொற்பமே.

உழவை இழந்தோர் கூலிக்குப் போயினர். அவர்கள் உதவியுடன் ஒரு பரிசோதனைப் பண்ணையிலே வளர்த்தெடுக்கப்பட்ட உயர்ந்த பருத்திக்குப் பீமாப் பருத்தி என்ற பெயர் கிடைத்தது. கடைகளிலே விலை கூடிய சட்டைகளின் கழுத்துச் சீட்டிலே அப்பெயரைக் காண்போர், அது ஒரு மக்களின் பெயரென்று அறிவதில்லை. இவோ ஜீமாத் தீவிலே அமெரிக்கக் கொடியை நாட்டுவதாக உலகெங்கும் பரவிய படத்தில் நிற்கும் அறுவரில் ஒருவரான ஐறா ஹேய்ஸ் ஒரு பீமா இளைஞர். 1955இலே, முப்பத்திரண்டாம் வயதில், தம் ஊரிலே ஆதரவின்றி இறந்து கிடந்தார்.

இவ்வரலாற்றோடு வைத்தியர்களின் பழைய குறிப்புக்களை ஒப்பிடுவோம். 1908இலே அலெஷ் ஹிர்ட்லிச்கா என்னும் மானிடவியலார் இம்மக்களின் உடல்நிலை பற்றி எழுதியபோது அவர் குறிக்க நேர்ந்தது ஒரே ஒரு நீரிழிவு நோயாளியை. 1940இலே, அக்காலத்து நீரிழிவு வைத்தியருள் தலைசிறந்த எலியற் ஜொஸ்லின் அரிசோனாவை ஆராய்ந்து, ஆதிக்குடிகளிடம் நீரிழிவு மற்றையோரைவிட மிகுதியாயில்லை என்று எழுதினார். 1971இலோ பாதிப்பேர். கணக்கெடுத்த முறைகள் வேறுபட்டவைதாம். பழைய கணக்கிலே தப்பியோர் பலர் இருக்கலாம். அவ்வளவையும் கழித்தாலும் மிஞ்சும் ஏற்றம் மிகப் பெரிது. இரண்டு மூன்று தலைமுறைக்குள்ளே ஒரு மக்களின் பரம்பரையலகுகள் இவ்வாறு மாறமாட்டா. மாறியவை ஆறும் வயலும் அடுப்பும்.

மெக்சிக்கோவின் சொனோறா மாநிலத்து மலைகளிலே, மைக்கோபா என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும், இம்மக்களின் நெருங்கிய உறவினர் வாழ்கின்றனர். அவர்கள் மலைச்சரிவிலே உழுது, சோளமும் அவரையும் உண்டு, நாள் முழுவதும் உடலால் உழைப்பவர்கள். 1990களிலே அவர்களைச் சோதித்தனர். முடிவு 2006இலே முழுமையாக வெளிவந்தது. அரிசோனாப் பீமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்கு நீரிழிவு. மெக்சிக்கோப் பீமாக்களில் நூற்றுக்கு 6.9. அவ்வூரிலேயே வாழும் ஏனைய மெக்சிக்கரிடம் 2.6. ஒரே குருதி, இரண்டு தேசம்.

இன்னொரு சான்று அரிசோனாவின் தொடர் ஆராய்ச்சியிலிருந்தே வந்தது. ஒரே தாயின் வயிற்றிலே, அவளுக்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளையையும் வந்தபின் பிறந்த பிள்ளையையும் 2000ஆம் ஆண்டில் ஒப்பிட்டனர். பின்பிறந்த பிள்ளைக்கே நோய் வரும் வாய்ப்பு மிகுதி. பரம்பரைச் சொத்தோ இருவர்க்கும் ஒரு தாய் தந்தையரிடமிருந்து வந்தது; வேறுபட்டது கருவறையின் நிலை. நோய் தலைமுறையிலிருந்து தலைமுறைக்குச் செல்கின்றது என்பது மெய். அது செல்லும் வழி பரம்பரையலகு ஒன்றே என்பதுதான் பிழை.

இங்கிலாந்திலும் இவ்வாறான செய்தி ஒன்று கிடைத்தது. ஹேற்பட்ஷயர் மாவட்டத்திலே 1911 முதற்கொண்டு, மார்கரெற் பேர்ன்சைட் என்னும் சுகாதார உத்தியோகத்தர் தம் மருத்துவமாதரைக் கொண்டு, பிறந்த குழந்தைகளின் நிறையைப் பதிவேட்டில் எழுதிவைக்கச் செய்தார். எண்பது ஆண்டுகளின் பின் டேவிட் பார்க்கர், நிக்கலஸ் ஹேல்ஸ் ஆகியோர் அவ்வேடுகளைப் புரட்டி, நிறை குறைந்து பிறந்தோரிடத்தே முதுமையில் நீரிழிவு மிகுதியாயிருக்கக் கண்டனர். சிக்கனத்தை உடல் கற்பது ஆதிமனிதனின் வேட்டைக் காட்டிலன்று, ஊட்டமற்ற தாயின் வயிற்றிலே என்று 1992இல் எழுதினர். பிரசவ வீடுகளிலே தராசு தூக்கிய பெண்கள் தாம் விஞ்ஞானம் செய்கின்றோம் என்று எண்ணியிருப்பார்களோ என்னவோ!

இனி நீலிடம் மீள்வோம். அவரை நான் மதிக்கும் காரணம் அவர் கண்ட கருதுகோள் அன்று. அதனை அவர் பின்னர் நடத்திய விதம். 1962இலே அவர் சார்ந்து நின்ற இன்சுலின் எதிர்ப்பொருட் கொள்கை தவறென்று ஆயிற்று. இளமையில் வரும் நீரிழிவும் முதுமையில் வரும் நீரிழிவும் வெவ்வேறு நோய்கள் என்பது 1970களிலே தெளிவாயிற்று. அவரோ இரண்டையும் ஒன்றாகக் கொண்டிருந்தார். 1982இலே தமது கருதுகோளைத் தாமே மீள ஆராய்ந்து, தாம் அடித்தளமாகக் கொண்ட ஆதாரங்கள் பெரும்பாலும் சரிந்துவிட்டன என்று ஒப்புக்கொண்டார். புகழீட்டித் தந்த கட்டுரையை இருபதாண்டின் பின் தம் கையாலேயே திருத்துவது எளிதா? அதனோடும் அவர் நிற்கவில்லை. 1999இலே, எண்பத்து நான்காம் வயதில், ஒதுக்கு நிலங்களில் வாழும் ஆதிக்குடிகளிடம் நீரிழிவு மிகுதியாயிருப்பதை அவர்தம் இனத்தின் இயற்கைச் சாய்வு என்று கொள்வதற்கு ஆதாரம் இல்லை, வாழ்க்கை முறையின் மாற்றமே முதன்மைக் காரணம் என்று எழுதினார். சில மாதங்களில், 2000ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள், அவர் மறைந்தார்.

'வாழ்க்கை முறையின் மாற்றம்' என்னும் சொற்றொடரிலும் எனக்கு மனநிறைவில்லை. ஒருவன் தன் விருப்பின்படி சட்டையை மாற்றுவதுபோல் அது ஒலிக்கின்றது. வாய்க்கால் வறண்டவன் உழவை 'மாற்றிக்கொண்டான்' என்று சொல்வது எவ்வகை நேர்மை? நீல் இனத்தின் மீதிருந்த பழியை நீக்கினார்; ஆற்றை அடைத்தவரைப் பற்றி அவர் எழுதவில்லை.

அவர் மறைந்த ஆண்டிலேயே வெளிவந்த ஒரு நூல், 1968இலே யனோமாமி மக்களிடையே சின்னமுத்து நோய் பரவியதற்கும் பலர் இறந்ததற்கும் அவர் போட்ட தடுப்பூசி காரணம் எனக் குற்றஞ்சாட்டிப் பெரும் புயலைக் கிளப்பிற்று. வல்லுநர் ஆராய்ந்து அது பொய்யெனக் காட்டினர். நோயைத் தடுக்கவே அவர் ஊசி போட்டார். ஆனால் வேறொரு குறை உண்மையானது. இறந்தோரின் எச்சம் எதனையும் விட்டுவைக்கலாகாது என்பது யனோமாமி மக்களின் நம்பிக்கை. அவர்களிடம் பெற்ற குருதியோ அமெரிக்க ஆய்வுகூடங்களின் குளிர்ப்பெட்டிகளிலே பல தசாப்தங்கள் கிடந்தது. பிரேசில் யனோமாமிகளின் குருதி 2015இலே திருப்பிக் கொடுக்கப்பட்டு, சடங்குடன் மண்ணில் இடப்பட்டது.

அரிசோனாவிலேயே ஹவாசுப்பாய் என்னும் சிறுகுடியினருக்கு நேர்ந்தது இதனினும் கசப்பானது. நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று 1990 முதல் அவர்களிடம் பெற்ற குருதியை, அவர்கள் அறியாமலே மனநோய் ஆராய்ச்சிக்கும் அவர்தம் பூர்வீகம் பற்றிய ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தினர். வழக்குத் தொடுத்து, 2010இலே 700,000 டொலர் இழப்பீட்டையும் தம் குருதியையும் மீட்டனர். நோய்க்கு மருந்து கிடைக்கும் என்று நம்பிக் கை நீட்டியவர்களுக்குக் கிடைத்தது இது.

இவ்வளவு சொன்னமையால் நான் பரம்பரையலகே இல்லை என்பவன் என எவரும் எண்ணற்க. அத்தவற்றையும் வரலாறு கண்டிருக்கின்றது. சோவியத் நாட்டிலே லைசென்கோ என்பார் பிறப்புரிமையியலே முதலாளித்துவப் புரட்டு என்று முழங்க, வவிலோவ் போன்ற மேதை சிறையிலே பட்டினியால் 1943இல் மாண்டார். முற்போக்குப் பேசியோர் பலர் அதனைக் கைதட்டி வரவேற்றதும் உண்டு. பரம்பரையலகு உண்டு, நீரிழிவிலே அதற்குப் பங்கும் உண்டு. 2006இலே ஐஸ்லாந்தில் கண்டறியப்பட்ட ஒன்று முதலாக, நூற்றுக்கணக்கான அலகுகளிலே நோயின் வாய்ப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் நிற்கும் வேறுபாடுகள் அறியப்பட்டுள்ளன. சில குடும்பங்களிலே ஒரே அலகின் பழுதால் வரும் நீரிழிவும் உண்டு. பீமா மக்களிடத்தே அரைநூற்றாண்டாகத் தேடியும் காணப்படாதது, அவர்தம் நோயனைத்தையும் விளக்கும் ஒற்றைச் 'சிக்கன அலகு'.

2014இலே நீரிழிவுடன் தொடர்புற்ற 65 இடங்களை ஆராய்ந்தோர், பஞ்சகாலத்திலே நோய் அலகுகளை இயற்கை தேர்ந்தெடுத்ததற்குரிய பொதுவான தடயம் எதனையும் காணவில்லை. அதற்கு இரண்டாண்டின் பின் சமோவாத் தீவினரிடம் ஒரு விசித்திரம் வெளிப்பட்டது. அவர்களிற் பலரிடம் உடலைப் பருக்கச் செய்யும் அலகு வேற்றுமை ஒன்று உண்டு. சிக்கனமாகச் சேமிப்பதுதான் அதன் தொழில். எனினும் அதனை உடையோர்க்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏனையோரைவிடக் குறைவு! நீல் உயிரோடிருந்திருப்பின் இதனைப் படித்து மனம் நோகாது சிரித்திருப்பார் என்றே எண்ணுகின்றேன்.

கீலா ஆற்று மக்கள் இக்கட்டுரைகளுக்காகக் காத்திருக்கவில்லை. தமக்குரிய நீரைக் கேட்டு நீதிமன்றங்களிலும் வாஷிங்டனிலும் தலைமுறை தலைமுறையாக வழக்காடினர். 2004இலே அமெரிக்கப் பேரவை நிறைவேற்றிய சட்டம், ஆண்டொன்றுக்கு 653,500 ஏக்கர் அடி நீர் அவர்களுக்குரியது என ஏற்றது. புதிய வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. தெப்பாரி அவரை மறுபடியும் விதைக்கப்பட்டது. வாய்க்கால்களில் வருவது பெரும்பாலும் நெடுந்தூரக் கால்வாயொன்றாற் கொண்டுவரப்படும் கொலறாடோ ஆற்றின் நீர். கீலா ஆறு அவ்வூர்களினூடே ஆண்டின் பெரும்பகுதியும் மணலாகவே கிடக்கின்றது.